கத்தி காப்பாற்றுமா? பிள்ளைகளின் பாதுகாப்பும் தற்காப்புப் பயிற்சியும்



நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை கத்தியைப் பற்றி எழுதுகிறோம். இது பொலிஸாரும் சட்டத்தரணிகளும் பேசவேண்டிய விடயமல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டில் வன்முறையும் ஆரோக்கியமும் பற்றிய உலக அறிக்கையை வெளியிட்டது. வன்முறை என்பது காரணங்களைக் கண்டறிந்து தடுக்கக்கூடிய ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அது வலியுறுத்தியது. இதே வழியில் 2005ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. லண்டனுக்கென்று அத்தகைய பிரிவு 2018இல் அமைக்கப்பட்டது. ஆகவே கத்தியும் வைத்தியரின் மேசைக்கு வரவேண்டிய விடயந்தான்.

நமது சமூகத்துக்கு இது புதிய பிரச்சினையும் அல்ல. 2000களின் தொடக்கத்தில் லண்டனில் நமது இளைஞர் குழுக்களுக்கிடையே நடந்த மோதல்களில் உயிர்கள் போனதை அந்தக் காலத்தில் இங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுத்தத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு வந்து இறங்கிய பெற்றோர், இந்த நாட்டின் தெருவில் அவர்களைப் பறிகொடுத்தார்கள். அதனால் இந்தக் கட்டுரையைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பிள்ளை ஏன் கத்தியை எடுக்கிறது?

கத்தி வைத்திருக்கும் பிள்ளை எல்லாம் காடையன் என்று நினைப்பது தவறு. குடும்ப வைத்தியர்களாகிய நாம் காண்பவர்களில் பலர் பயந்த பிள்ளைகள். யாரோ அடித்திருப்பார்கள், கைத்தொலைபேசியைப் பறித்திருப்பார்கள், அல்லது “நாளைக்கு உனக்கு இருக்கு” என்று வெருட்டியிருப்பார்கள். “மற்றவன் வைத்திருக்கிறான், நானும் வைத்திருந்தால்தான் தப்பலாம்” என்பதே அவர்களுடைய கணக்கு. கத்திக்காகக் கடைக்குப் போகவும் தேவையில்லை. அம்மா மீன் வெட்டும் கத்தி குசினி லாச்சிக்குள் கிடக்கிறது.

எந்த நேரத்தில் ஆபத்து என்பதையும் தெரிந்துகொள்வோம். கிழக்கு லண்டனில் உள்ள றோயல் லண்டன் வைத்தியசாலையின் மருத்துவர்கள், 2004 முதல் 2014 வரை கத்திக்குத்துக் காயங்களுடன் அங்கே வந்த 25 வயதுக்குக் குறைந்த 1,824 பேரின் விபரங்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களிடையே காயங்கள் கூடுதலாக ஏற்பட்ட நேரம் நடுநிசி அல்ல. மாலை 4 மணி முதல் 6 மணி வரை, அதாவது பாடசாலை விட்டு வீடு திரும்பும் நேரம். நம்மில் பலர் வேலையில் நிற்கும் நேரமும் அதுதான்.

“அப்பா, ஸ்கூல் முடிஞ்சு வரப் பயமாக் கிடக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால், “நீ உன்ர பாட்டில படிச்சிட்டு வா, ஒருத்தரோடயும் சேராத” என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளை இரண்டாம் முறை சொல்லாது. பயம் மட்டும் போகாது, அதற்கு வேறொரு மருந்தைத் தேடும். கத்தி அப்படி வரும் மருந்து.

கத்தி உடலுக்குள் என்ன செய்கிறது?

திரைப்படத்தில் கதாநாயகன் குத்து வாங்கியபின் பத்து நிமிடம் வசனம் பேசுவார். உண்மை வேறு. உடலில் கத்திக்குப் பெரிய எதிர்ப்பைத் தருவது எலும்பைத் தவிரத் தோல் மட்டுமே. கூரான முனை தோலைத் துளைத்துவிட்டால், அதன் பிறகு உள்ளே போவதற்கு அதிக பலம் தேவையில்லை. “சும்மா வெருட்டத்தான் நீட்டினேன், அவன் முன்னுக்கு வந்துவிட்டான்” என்று சொல்லப்படும் சம்பவங்கள் மரணத்தில் முடிவது இதனாலேயே. மெலிந்த பிள்ளையின் நெஞ்சுச் சுவர் சில சென்ரிமீற்றர் தடிப்பே கொண்டது. மூன்று அங்குலக் கத்தியே இதயத்தைத் தொடப் போதும்.

இளைஞர்களிடையே ஓர் ஆபத்தான நம்பிக்கை உண்டு. தொடையிலோ பின்பக்கத்திலோ குத்தினால் ஆள் சாகாது, பாடம் மட்டும் படிப்பான் என்பதே அது. குத்துவதற்குப் பாதுகாப்பான இடம் என்று உடலில் எதுவும் கிடையாது. 2000ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி தென்கிழக்கு லண்டனின் பெக்கம் பகுதியில், நைஜீரியாவிலிருந்து வந்து சில மாதங்களேயான டமிலோலா டெய்லர் என்ற 10 வயதுச் சிறுவன் நூலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் இறந்தான். அவனுக்கு ஏற்பட்டது தொடையில் உடைந்த போத்தல் வெட்டிய ஒரு காயம். அங்கிருந்த பெரிய இரத்தக்குழாய் அறுந்து, இரத்தம் போய் அவன் இறந்தான்.

கணக்கையும் பார்ப்போம். நமது உடலில் ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தம் உண்டு. 50 கிலோ எடையுள்ள பிள்ளையிடம் இருப்பது மூன்றரை லீற்றர். அதில் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 1.4 லீற்றர் போனால் உயிருக்கு உடனடி ஆபத்து. பெரிய நாடி அறுந்தால் அதற்குச் சில நிமிடங்களே போதும். இளம் உடல் கடைசிவரை ஈடுகொடுத்து நின்றுவிட்டுத் திடீரென்று சரியும். எழுந்து நடக்கிறான், கதைக்கிறான் என்பதால் காயம் சிறியது என்று எண்ணக்கூடாது.

உயிர் தப்பியவர்களின் கதை பத்திரிகையில் வருவதில்லை. பின்பக்கத்தில் வாங்கிய குத்து மலக்குடலைக் கிழித்தால், வயிற்றில் துவாரமிட்டு மலத்தைப் பையில் சேகரிக்கும் நிலை மாதக்கணக்கில், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் வரும். முழங்கையிலோ மணிக்கட்டிலோ நரம்பு வெட்டுப்பட்டால் பேனை பிடிக்கவும் சட்டைப் பொத்தான் பூட்டவும் முடியாமற் போகலாம். பிறகு வரும் நித்திரையின்மை, திடுக்கிட்டு விழித்தல், பஸ்ஸில் ஏறப் பயம் ஆகியவை ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியவை அல்ல.

வைத்திருப்பவனையே வெட்டும் ஆயுதம்

கத்தி தன்னைக் காப்பாற்றும் என்று நம்பும் பிள்ளைக்கு மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பயம் வந்ததும் உடலில் அட்ரினலின் பெருகும். இதயம் வேகமாக அடிக்கும், கை நடுங்கும், பார்வை குறுகி எதிரே இருப்பது மட்டும் தெரியும். ஓடுவதற்கும் கத்திக் கூப்பிடுவதற்கும் இந்த நிலை உதவும். பொக்கற்றுக்குள் கைவிட்டுக் கத்தியை விரித்து, அளந்து பயன்படுத்துவது போன்ற நுணுக்கமான வேலைகளுக்கு உதவாது.

இரண்டாவது, சமையற் கத்தியின் பிடியில் கை வழுக்காமல் தடுக்கும் தடுப்பு பெரும்பாலும் இருக்காது. அது எலும்பில் பட்டதும் நின்றுவிடும், பிடித்த கை வழுக்கி அலகின்மேல் போகும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்த கைகளுடன் வருகிறவர்களில் கத்தியைப் பிடித்தவர்களும் உண்டு. பலசாலியான எதிரி அதே கத்தியைப் பறித்தெடுக்கும் ஆபத்து இதற்கு மேலானது.

மூன்றாவது, எழுந்து போயிருக்கக்கூடிய இடத்தில் கத்தி நம்மை நிற்க வைக்கிறது. வெறுங்கையுடன் நிற்பவன் வசைச்சொல்லைக் கேட்டுவிட்டு நடந்துவிடுவான். கத்தி வைத்திருப்பவனுக்கு நடப்பது கோழைத்தனமாகத் தோன்றும். அவசரத்தை அடக்கி யோசிக்கும் மூளையின் முன்பகுதி 20 வயதின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்தக் கணத்தில் முதியவரின் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியை வைத்திருப்பது குற்றம். உச்சத் தண்டனை நான்கு வருடச் சிறை. “என்னைக் காப்பாற்றத்தான் வைத்திருந்தேன்” என்பதைப் பொதுவாகத் தகுந்த காரணமாக ஏற்க மாட்டார்கள்.

2. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்திக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்துடன் கொண்டுசென்றால் அதுவும் குற்றமே. அதே எண்ணத்துடன் கொண்டுசெல்லும் ஸ்குறூ ட்றைவரும் ஆயுதந்தான்.

3. ஜேர்மனியிலும் பிரான்சிலும் மிளகு ஸ்பிறே கடைகளில் விற்கப்படுகிறது. அங்குள்ள உறவினர்கள் பாசத்தோடு வாங்கித் தருவார்கள். பிரித்தானியாவில் அது 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்ட ஆயுதம். மகளின் கைப்பையில் போட்டு அனுப்பாதீர்கள்.

4. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கத்தி விற்கக்கூடாது. “சொம்பி” கத்திகள் எனப்படும் நீண்ட கத்திகளை வீட்டில் வைத்திருப்பதே 2024 செப்ரெம்பர் 24 முதல் குற்றம்.

5. குற்றப் பொறுப்பு 10 வயதில் தொடங்குகிறது. கொலை செய்யும் இடத்துக்குக் கத்தியைக் கொண்டுசென்று அதனாற் கொன்ற வயதுவந்தவருக்கு, ஆயுள்தண்டனையில் குறைந்தபட்சச் சிறைக்காலத்தைக் கணிக்கும் தொடக்கப் புள்ளி 2010 முதல் 25 வருடங்கள்.

மருத்துவம், ஆசிரியம், கணக்கியல் என்று கனவு காணும் வீடுகளில், குற்றப்பதிவு ஒன்று அந்தக் கதவுகளை எப்படி அடைக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிரஜாவுரிமை பெறாத குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2007ஆம் ஆண்டின் எல்லைச் சட்டத்தின்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெறும் வெளிநாட்டுப் பிரஜையான வயதுவந்தவர் நாடுகடத்தும் நடவடிக்கைக்கு ஆளாகலாம். எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ, அங்கேயே மகனைத் திருப்பி அனுப்பும் கடிதம் ஒரு சமையற் கத்தியால் வரக்கூடும்.

உங்களைப் பாதுகாக்கும் உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. தாக்கப்படும்போது சூழ்நிலைக்கு நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். முதல் அடி விழும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தாக்கியவர் ஓடத் தொடங்கியபின் துரத்திப்போய் அடிப்பது தற்காப்பு ஆகாது.

அப்படியானால் தற்காப்பு என்றால் என்ன?

“மகனைக் கராட்டிக்கு அனுப்புகிறோம், இனிப் பயமில்லை” என்று சொல்லும் பெற்றோருக்கும் ஒரு எச்சரிக்கை. கராட்டி, யூடோ, சிலம்பம் எல்லாம் நல்ல கலைகள். உடற்பலம், சமநிலை, தன்னடக்கம், விழும்போது தலையடிபடாமல் விழும் பழக்கம் ஆகியவற்றைத் தருகின்றன. அவற்றுக்காகவே தாராளமாக அனுப்பலாம். எந்தக் கறுப்புப் பட்டியும் கத்தியைத் தடுக்காது. கத்தி தெரிந்தால் நேர்மையான பயிற்சியாளர் சொல்லித்தருவது ஒரே ஒரு அடவு: ஓடு. வெறுங்கைச் சண்டையும் பாதுகாப்பானதல்ல. ஒரே குத்தில் விழுந்து, நடைபாதை விளிம்பில் தலை அடிபட்டு மூளைக்குள் இரத்தம் கசிந்து இறந்தவர்கள் உண்டு.

தற்காப்பு என்பது கையைத் தூக்குமுன் நடக்கவேண்டிய பல வேலைகளின் பெயர். பிள்ளைகளுக்குப் படிப்படியாக இவற்றைப் பழக்கலாம்:

1. கவனித்தல். தெருவில் இரு காதுகளிலும் பாட்டை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து போனைப் பார்த்து நடக்க வேண்டாம்.

2. விலகுதல். முன்னால் ஒரு கூட்டம் நிற்பது மனதுக்குச் சரியாகப் படவில்லையென்றால் மறுபக்கம் போகவும். பஸ்ஸில் மேல்தட்டை விட்டுச் சாரதிக்கு அருகே இருக்கவும். பின்தொடர்வது போலத் தெரிந்தால் வெளிச்சமுள்ள கடைக்குள் நுழையவும்.

3. விட்டுக்கொடுத்தல். போன், காசு, சப்பாத்து எதுவானாலும் கொடுத்துவிட வேண்டும். “போன் போனால் வீட்டில் ஏச்சு விழாது” என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஏச்சுக்குப் பயந்து போனை இறுக்கிப் பிடித்த கையில்தான் கத்தி விழுகிறது.

4. குரல். கைகளைத் திறந்து நெஞ்சளவில் உயர்த்தி, இடைவெளி விட்டு, உரத்த தெளிவான குரலில் “நில், கிட்ட வராதே” என்று சொல்லப் பழக வேண்டும். இதை வீட்டு வரவேற்பறையில் பயிற்சி செய்யலாம். முதல்முறை வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

5. ஓடுதல். ஆட்கள் இருக்கும் பக்கமாக ஓட வேண்டும்.

6. அறிவித்தல். ஆபத்தில் 999. பேச முடியாத நிலையில் கைத்தொலைபேசியிலிருந்து 999ஐ அழைத்துவிட்டு, கேட்கும்போது 55ஐ அழுத்தினால் பொலிஸாருடன் இணைப்பார்கள். இடத்தை அது தானாகக் காட்டிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். அவசரமில்லாதவற்றுக்கு 101.

கடைசிப் படிதான் நம்மவர்களுக்கு மிகவும் கடினமானது. சீருடையைக் கண்டால் வீதியை மாறிய காலத்தை நாம் கடந்து வந்தவர்கள். அந்தப் பழக்கம் அப்போது நம்மைக் காப்பாற்றியது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதையே சீதனமாகக் கொடுத்தால், உதவி கேட்கும் இடத்தில் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு

தற்காப்புப் பயிற்சி பயன் தருமா என்பதற்கு நல்ல சான்று கனடாவிலிருந்து கிடைத்தது. மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாம் ஆண்டு மாணவியர் 893 பேரை இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. ஒரு குழுவுக்கு மும்மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகளில் பயிற்சி, மற்றக் குழுவுக்குத் துண்டுப்பிரசுரங்கள். அடுத்த ஓராண்டில் பாலியல் வல்லுறவுக்கு ஆளாகும் அபாயம் துண்டுப்பிரசுரக் குழுவில் 9.8 வீதமாகவும் பயிற்சி பெற்ற குழுவில் 5.2 வீதமாகவும் இருந்தது. ஏறத்தாழ அரைவாசி. எந்த ஆயுதமும் இல்லாமல் 12 மணி நேரத்தில் கிடைத்த பயன் இது.

அந்தப் பயிற்சியில் கைகால்களாற் போராடும் முறைகள் ஒரு பகுதிதான். ஆபத்தின் அறிகுறிகளை, அதுவும் தெரிந்தவரிடமிருந்து வரும் ஆபத்தை, நேரத்தோடு இனங்காண்பதும், “அவர் என்ன நினைப்பாரோ” என்ற தயக்கத்தைக் கடப்பதும், உறுதியாக மறுப்பதும் மற்றப் பகுதிகள். பெண்பிள்ளை சத்தம் போடக்கூடாது, மாமாமாருக்கு முகம் முறியக் கதைக்கக்கூடாது என்று வளர்க்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் பிழை செய்தவரே பொறுப்பு, எதிர்க்க முடியாமற்போன பிள்ளை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நகையும் கடையும்

கோவில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும் வழியில் சங்கிலி பறிப்பவர்கள் உண்டு. நகையைத் துணியால் மூடிக்கொண்டு போய் மண்டபத்தில் வெளியே எடுத்து விடலாம். இழுத்தால் விட்டுவிடுங்கள். தாலிக்கொடி என்பதால் மனம் ஒப்பாது என்பது நமக்கும் தெரியும். ஆனால் இழுபறியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மாவுக்கு அதற்குப் பிறகு பழைய நடை திரும்பாமற் போகலாம். தாலி கட்டியவரும் உங்களுடைய உயிரைத்தான் கேட்பார்.

இரவில் கடை பார்ப்பவர்கள் கவுண்டருக்குக் கீழே பொல்லோ கத்தியோ வைத்திருக்க வேண்டாம். வாடிக்கையாளர் வந்துபோகும் இடமும் சட்டத்தின் கண்ணில் பொது இடமே. லாச்சியில் குறைந்தளவு காசு, நல்ல வெளிச்சம், கமரா, கேட்டால் கொடுத்துவிடுவது என்பவையே காவல்.

இரத்தம் ஓடினால்: ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய முதலுதவி

தற்காப்பு வகுப்புக்கு முன் முதலுதவி வகுப்புக்குப் போங்கள் என்பதே எமது ஆலோசனை. சென்ற் ஜோன் அம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை இதைக் கற்பிக்கின்றன.

• முதலில் உங்களுக்கு ஆபத்தில்லை என்று பாருங்கள். 999ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள்.

• சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டாம். லண்டனில் 2010 முதல் பாரிய காயங்களுக்கென்று நான்கு வைத்தியசாலைகள் உள்ளன: றோயல் லண்டன், கிங்ஸ் கொலிஜ், சென்ற் ஜோர்ஜ்ஸ், சென்ற் மேரிஸ். எங்கே கொண்டுபோவது என்பது அம்புலன்ஸ் பணியாளருக்குத் தெரியும்.

• கத்தி உடலில் நிற்குமானால் இழுக்க வேண்டாம். அதுவே இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதன் இருபக்கமும் அழுத்துங்கள்.

• மற்றக் காயங்களின் மேல் சுத்தமான துணியை வைத்து, இரு கைகளாலும் முழுப் பலத்துடன் நேரடியாக அழுத்துங்கள். எட்டிப் பார்ப்பதற்காக எடுக்க வேண்டாம். துணி நனைந்தாலும் அழுத்தத்தைக் குறைக்காதீர்கள்.

• கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பாய்ந்தால், முறையான இறுக்குப்பட்டி இருப்பின் காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் தூரத்தில், மூட்டின்மேல் படாமல் இறுக்கி, நேரத்தைக் குறித்துவையுங்கள்.

• நெஞ்சுக் காயத்தைக் காற்றுப் புகாதபடி பிளாஸ்ரிக்கால் ஒட்டி மூட வேண்டாம். இரத்தம் பெருகினால் மட்டும் அழுத்துங்கள்.

• கோப்பித்தூள், மஞ்சள், திருநீறு எதையும் காயத்தில் போட வேண்டாம். தண்ணீரோ தேநீரோ பருக்க வேண்டாம். போர்வையால் மூடி உடல் குளிராமற் பாருங்கள்.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

*மகனின் பாடசாலைப் பையில் கத்தியைக் கண்டால் என்ன செய்வது?*

அடிக்கவும் வேண்டாம், அழுது ஊரைக் கூட்டவும் வேண்டாம். கத்தியை எடுத்து வைத்துவிட்டு, அவன் சாப்பிட்டபின் தனியாக இருந்து, “ஆருக்கடா பயம்?” என்று கேளுங்கள். “ஏன் வைத்திருந்தாய்” என்பதைவிட இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். பாடசாலையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரைச் சந்தியுங்கள். கத்தியை ஒப்படைக்க 101க்கு அழைத்து வழி கேளுங்கள். உடனே ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். பயத்துக்குக் காரணம் இங்கே இருக்க, பிள்ளையை மட்டும் தூரத்தில் வைப்பது தீர்வாகாது.

*கத்திக்காயத்துடன் போனால் வைத்தியர் பொலிஸுக்குச் சொல்லிவிடுவாரா?*

இந்தப் பயத்தால் வீட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருப்பவர்கள் உண்டு. தாக்குதலினால் ஏற்பட்ட கத்திக்காயம் ஒன்று வந்திருக்கிறது என்று வைத்தியசாலை பொதுவாகப் பொலிஸுக்கு அறிவிக்கும். காயப்பட்டவரின் பெயர் விபரத்தை அந்த முதல் அறிவிப்பிலேயே கொடுக்கவேண்டியதில்லை என்பது பிரித்தானிய மருத்துவச் சபையின் வழிகாட்டல். அவர் சம்மதிக்காவிட்டாலும், மற்றவர்களுக்குப் பாரதூரமான ஆபத்து இருந்தால் மட்டும் அதற்குமேல் சொல்ல நேரிடும். சிகிச்சை எந்த நிலையிலும் நிற்காது. உடனே போங்கள்.

*நல்ல தற்காப்பு வகுப்பை எப்படித் தெரிவது?*

“கத்தியைப் பறிக்கக் கற்றுத்தருகிறோம்” என்று விளம்பரம் செய்யும் இடத்தைத் தவிருங்கள். விலகுவதையும் ஓடுவதையும் கற்பிக்கிறார்களா, பயிற்சியாளர் குற்றப்பின்னணிச் சோதனை செய்யப்பட்டவரா, பெற்றோர் இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.

வீட்டுக்கு ஒரு வேலை

இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்யுங்கள். முதலாவதாக, குசினிக் கத்திகளை எண்ணி, கூரான நீண்டவற்றை லாச்சியிலிருந்து எடுத்துப் பூட்டிவையுங்கள். அவசர சிகிச்சை மருத்துவர்கள் சிலர் 2005இலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில், நீண்ட கூர்முனைக் கத்தி சமையலுக்குத் தேவையே இல்லை என்று எழுதினார்கள். இரண்டாவதாக, பிள்ளை பாடசாலையிலிருந்து வரும் வழியை அதோடு ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே பயம், எந்தக் கடைக்குள் ஓடலாம் என்று அதுவே காட்டும். மூன்றாவதாக, “என்ன நடந்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்லு, ஏசமாட்டோம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி நடவுங்கள்.

பெற்றோரிடம் சொல்ல முடியாத பிள்ளை, 16 வயதுக்குக் குறைந்தவராயினும், குடும்ப வைத்தியரைத் தனியாகச் சந்திக்கலாம். யாருடைய உயிருக்காவது பாரதூரமான ஆபத்து இருந்தாலன்றி, அங்கே பேசுவது அங்கேயே இருக்கும். வரவேற்பாளரிடம் காரணம் சொல்லவும் தேவையில்லை, “தனிப்பட்ட விடயம்” என்றால் போதும்.

அடுத்த இதழில் குளிர்காலமும் விற்றமின் டி குறைபாடும் பற்றிப் பார்ப்போம்.